ஐந்து சான்றுகளும் ஆறாம் எண்ணும்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு (429,49,67,297) என்னும் எண்ணை இங்கு ஆராயப் புகுகின்றோம். இலக்கியம் பயில்வார்க்குக் கணக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். ஒரு கூற்றை எப்போது விதியென ஏற்பது என்னும் வினா இரு துறைக்கும் பொதுவானது. அவ்வினாவிற்கு இவ்வெண் தக்கதொரு விடை பகர்கின்றது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணே பகா எண் எனப்படும். பிரான்சு நாட்டுத் துலூஸ் நகரில் நீதித்துறைப் பணியாற்றிய பியர் டி பெர்மா, 1640-இல் ஓர் எண் வரிசையைப் பற்றி எழுதினார். இரண்டுடன் ஒன்று கூட்டினால் 3. இரண்டை அதனாலேயே பெருக்கி ஒன்று கூட்டினால் 5. அந்நான்கை அதனாலேயே பெருக்கி ஒன்று கூட்டினால் 17. இவ்வாறே தொடரின் 257, 65537 என்பன கிடைக்கும். இவ்வைந்தும் பகா எண்களே. எனவே இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என அவர் கருதினார். எனினும், முழு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

வரிசையின் ஆறாம் எண்ணே நாம் எடுத்துக்கொண்ட எண். 1729-இல் கோல்டுபாக் என்னும் அறிஞர் இக்கருத்தை லியோனார்டு ஆய்லரின் கவனத்திற்குக் கொணர்ந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் பணியாற்றிய ஆய்லர், 1732-இல் இவ்வெண் 641-ஆல் மீதியின்றி வகுபடும் எனக் காட்டினார். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் இவ்வெண் வருதலை மாணவர் தாமே சரிபார்க்கலாம்.

65536-க்கு உட்பட்ட பகா எண்கள் 6542 உள. அவற்றை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தல் பெரும்பணி. ஆனால் இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அது 64-இன் மடங்கினும் ஒன்று மிகுந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பதை ஆய்லர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாம் சோதனையிலேயே விடை கிட்டிவிடுகின்றது. உழைப்பைச் சுருக்கும் வழி சிந்தனையே என்பதற்கு இது சான்று.

ஏழாம் எண்ணும் 2,74,177-ஆல் வகுபடும் என லான்ட்ரி 1880-இல் கண்டார். அம்முதல் ஐந்திற்கு அப்பால் இவ்வரிசையில் பகா எண் எதுவும் இன்றளவும் கண்டறியப்படவில்லை. இனி இல்லவே இல்லை என்று எவரும் நிறுவவும் இல்லை.

ஐந்து பாடல்களில் ஒரு சொல்லாட்சியைக் கண்டவுடன் அதுவே புலவர்தம் மரபு என முடிவுகட்டும் ஆய்வேடுகளை நாம் காண்கின்றோம். ஆறாம் பாடலைத் தேடிச் செல்வதே ஆய்வு. சொன்னவர் பேரறிஞராயினும் சான்று கேட்டல் அவமதிப்பன்று. அதுவே அறிவிற்குச் செய்யும் மரியாதை. சான்று கிட்டாதவிடத்து, கிட்டவில்லை என்று பெர்மாவைப் போல் எழுதிவைத்தலும் அறிஞர்க்கு அழகே.