சுக்கானில் ஆட்டம் எங்கே?

என்னிடம் இருப்பது மரைன் பிளைவுட்டில் கட்டிய பழைய ஜிபி 14. ஜாக் ஹோல்ட் 1949இல் வடிவமைத்த, 14 அடி நீளமுள்ள, இருவர் ஓட்டும் பந்தயப் பாய்மரப் படகு. வேல்ஸின் அபர்டோவி ஊரோடு இந்த வகைக்கு உள்ள உறவால், அந்த ஊர்ப் பாடலில் வரும் மணி இன்றும் பாயில் சின்னமாக இருக்கிறது. நான் ஓட்டுவதும் வேல்ஸில்தான், பாலா ஏரியில். அங்கே காற்று மெலிந்த நாட்களில் சுக்கான் தேய்மானம் நன்றாகத் தெரியும். சுக்கான் பலகையில் தண்ணீர் அழுத்துவது கைக்கு வந்து சேராது. கை தேவைக்கு மேல் திருத்திக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு திருத்தமும் வேகத்தைத் தின்னும்.

புதுப் பொருள் வாங்குமுன் ஆட்டம் எந்த மூட்டில் என்று கண்டுபிடியுங்கள். கரையில் ஒருவர் சுக்கான் பலகையை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் சுக்கானைத் திருப்பும் கைத்தண்டான டில்லரை இலேசாக இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பாகங்களையும் தொடும்படி விரலை வையுங்கள். கண்ணுக்குத் தப்புகிற அசைவு விரலுக்குத் தப்பாது. டில்லர் நுழையும் பொந்து 10 செ.மீ. நீளம் என்றால், அதில் 1 மி.மீ. இடைவெளி ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கையில் ஏறக்குறைய 1 செ.மீ. ஆகிவிடும். டில்லரின் இரு பக்கமும் மெல்லிய மரச் சீவலை எபாக்சியால் ஒட்டி, இறுக்கமாக நுழையும்வரை இழைத்தால் போதும்.

கவலைப்பட வேண்டியது படகின் பின்பலகையைப் பற்றித்தான். சுக்கானின் முளைகள் உட்காரும் உலோக வளையங்கள் அங்கே திருகப்பட்டிருக்கும். திருகு தளர்ந்திருந்தால் அதைவிடப் பெரிய திருகைப் போட்டு இறுக்குவது பலர் செய்வது. நான் அதை ஏற்கமாட்டேன். தளர்ந்த திருகு என்றால் உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று பொருள். கழற்றி, துளையைச் சுற்றிக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். மரம் மெத்தென்று இறங்கினால் உளுத்த பகுதியை வெட்டியெடுத்துப் புது மரம் பதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கெட்டியாக இருந்தால் நன்றாக உலரவிட்டு, துளையைப் பெரிதாக்கி, சிலிக்கா பொடி கலந்த எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் புதிதாகத் துளையிடலாம். அப்போது போல்ட் எபாக்சியில் உட்காரும், நீர் மரத்தைத் தொடாது. உட்புறம் அகலமான வாஷரோ தகடோ வைக்க மறக்காதீர்கள். பித்தளைத் திருகுகளைத் திரும்பப் போடாதீர்கள். உப்பு நீரில் ஓடிய படகில் அவற்றின் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறமாகி, பட்டென்று முறியும். சிலிக்கான் வெண்கலம் நிலைக்கும்.

இறுக்கும்முன் இரண்டு வளையங்களுக்குள்ளும் ஒரே நேரான கம்பியைச் செருகிப் பாருங்கள். அச்சு சற்றே விலகினாலும் சுக்கான் கனக்கும், புது முளையும் சீக்கிரம் தேயும். வளையத்தின் துளை மட்டும் அகன்றிருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். கடைசலில் சற்றுப் பெரிதாக்கி அசிட்டால் புஷ் போடலாம். நைலான் வேண்டாம், அது தண்ணீர் குடித்து உப்பிப் பிடித்துக்கொள்ளும். பழைய வெண்கல வார்ப்புகளை இப்படிக் காப்பாற்றுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அந்தப் படகோடு பிறந்தவை அவை.

மேலே தூக்கும் சுக்கான் பலகை, அதை இருபுறமும் பிடித்திருக்கும் கன்னங்களுக்கு நடுவில் ஆடினால், மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை இருபுறமும் வைத்தால் அடங்கும்.

சுக்கான் கனமாக இருப்பது வேறு கதை. அது பெரும்பாலும் தேய்மானமே அல்ல. பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு நீண்டு, பலகை பின்னால் சாய்ந்திருக்கும். நீளாத டைனீமா கயிறு கட்டி, பலகை முழுவதும் இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சுக்கான் மேலெழாமல் தடுக்கும் கிளிப்பையும் சோதியுங்கள். அதன் வில்விசை தளர்ந்திருந்தால், படகு கவிழும்போது சுக்கான் கழன்று போய்விடும்.