தொற்றுநோய்க்கால ஊரடங்கும் எமது உரிமைகளும்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. எமது மக்களுக்கு ஊரடங்கு புதிதல்ல. துவக்குச் சத்தத்துக்காகப் போட்ட ஊரடங்கை அறிந்தவர்கள், பாஸ் இல்லாமல் முகாம் வாசலைத் தாண்ட முடியாமல் 2009இல் வவுனியா முகாம்களில் மாதக்கணக்கில் இருந்தவர்கள் நாம். கொவிட் கிருமிக்காகப் போட்ட ஊரடங்கையும் பெரும்பாலானோர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம். பெரிய வாரத்தில்கூட ஆலயக் கதவுகளைப் பூட்டினோம். அது தவறென்று நான் கருதவில்லை. அயலவனின் உயிரைக் காப்பதும் ஒரு கடமையே.

ஆனால் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்ட மக்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. நோயைத் தடுப்பதற்கான கட்டுப்பாடு எது, அந்தச் சாட்டில் நடக்கும் அநியாயம் எது என்று பிரித்தறியும் பழக்கம் போய்விடும். அதைப் பற்றியே இப்பாடம்.

முதலில் வேதாகமத்தைப் பார்ப்போம். லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம் தனிமைப்படுத்தலைப் பற்றியது. தோல் நோய் என்று சந்தேகம் வந்தால் குரு அந்த மனிதனை ஏழு நாள் தனியே வைக்க வேண்டும். ஏழாம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும். தெளிவில்லாவிட்டால் இன்னும் ஏழு நாள். குணமாகியிருந்தால் அவன் சுத்தமானவன் என்று அறிவித்து அனுப்ப வேண்டும். அக்காலத்துச் சட்டம் கடுமையானதுதான். நோய் உறுதியானவனைப் பாளயத்துக்கு வெளியே தள்ளியது. எனினும் சந்தேகத்துக்குள்ளானவன் விடயத்தில் அது நாளைக் குறித்தது, திரும்பப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் மீது சுமத்தியது.

எமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது? அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையின்படி ஒவ்வொரு பிரசைக்கும் நாட்டுக்குள் நடமாடும் உரிமையும் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையும் உண்டு. 15ஆம் உறுப்புரை, பொதுச் சுகாதாரத்துக்காக இவ்வுரிமைகளைக் கட்டுப்படுத்தலாம் என்கின்றது. ஆனால் அக்கட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். வானொலியில் ஒருவர் சொன்னார், சந்தியில் நின்ற பொலிஸ்காரர் சொன்னார் என்பதெல்லாம் சட்டமாகாது.

இங்கேதான் 2020இல் ஒரு சிக்கல் எழுந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஊரடங்கு பிறப்பிப்பதானால் ஜனாதிபதியின் கட்டளை வர்த்தமானியில் வெளிவர வேண்டும். அவ்வாறான கட்டளை வெளிவரவில்லை என்று சட்டத்தரணிகள் பலர் சுட்டிக்காட்டினர். தொற்றுநோய்களுக்கென 1897ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன் கீழ் அதிகாரம் சுகாதாரத் துறையினருக்கே உரியது. ஆனால் முதல் இரண்டரை மாதங்களுக்குள் 60,000க்கும் மேற்பட்டோர் ஊரடங்கை மீறியதாகக் கைது செய்யப்பட்டனர். மார்ச் 2ஆம் திகதி கலைக்கப்பட்ட பாராளுமன்றம் ஓகஸ்ட் 20 வரை கூடவேயில்லை. கேள்வி கேட்கும் இடமே பூட்டியிருந்தது என்பதை மறக்கலாகாது.

தோட்டக்காரரின் பாட்டை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விவசாய வேலைக்கு விலக்கு என்று அறிவித்தார்கள். தோட்டத்துக்குப் போய் இறைக்கலாம், பிடுங்கலாம். ஆனால் சந்தை பூட்டு, லொறி வராது, பிடுங்கிய கத்தரிக்காயை என்ன செய்வது? குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபா வழங்கினார்கள். பதிவு ஓரிடம், இருப்பிடம் வேறிடம் என்றிருந்த குடும்பங்கள் எத்தனை கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். உணவும் தொழிலும் உரிமைகளே. வீட்டிலிரு என்று கட்டளையிடும் அரசுக்கு வீட்டிலிருப்பவன் உண்பதற்கு வழிசெய்யும் கடமையும் உண்டு. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் எழுதிய ‘பாச்சம் இன் தெரிஸ்’ சுற்றுமடல் உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, உயிர் வாழும் உரிமையோடு உணவையும் உடையையும் உறைவிடத்தையும் மருத்துவத்தையும் சேர்த்தே பேசுகின்றது.

கட்டுப்பாடு நியாயமானதா என்று அறிய ஓர் அளவுகோல் உண்டு. 1984இல் இத்தாலியின் சிராக்கூசா நகரில் கூடிய சட்ட அறிஞர்கள் அதை வகுத்தார்கள். சட்டத்தில் இடமுண்டா? உண்மையான தேவை உண்டா? இதைவிட இலேசான வழி இல்லையா? ஒரு சாராரை மட்டும் குறிவைக்கின்றதா? எப்போது முடியும்?

இந்த அளவுகோலை ஒரு சம்பவத்தில் வைத்துப் பார்ப்போம். கொவிட் நோயால் இறந்தோரை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் வழிகாட்டியது. ஆனால் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி தகனத்தை மட்டுமே கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் தாயையும் தகப்பனையும் நெருப்புக்குக் கொடுக்க நேர்ந்தது. டிசம்பரில் பிறந்து 20 நாளேயான குழந்தை ஒன்றும் எரிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற மனுக்கள் விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கி, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 276 முஸ்லிம்கள் தகனம் செய்யப்பட்டதாகக் கூறி, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

சட்டத்தில் இடமிருந்தது, வர்த்தமானியும் இருந்தது. ஆனால் தேவை இருக்கவில்லை, இலேசான வழி இருந்தது, பாரம் ஒரு சமூகத்தின் மீதே அதிகம் விழுந்தது. ஆகவே காகிதம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். எமது திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கின்றது. அதனாலோ என்னவோ, அம்மக்களின் வேதனை எம்மில் பலருக்கு உடனே உறைக்கவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறைவாக இருப்போரின் நிலை இன்னும் மோசம். சிறைகளில் இடைவெளி விட்டு இருக்க இடமில்லை. தொற்றுக்குப் பயந்து கொதித்தெழுந்த கைதிகளில் இருவர் 2020 மார்ச்சில் அநுராதபுரத்திலும், 11 பேர் நவம்பர் 29ஆம் திகதிக் கலவரத்தில் மஹரவிலும் உயிரிழந்தனர். எமது பகுதியில் மே 18 நினைவுகூரலைத் தடுப்பதற்கும் தனிமைப்படுத்தல் விதிகளே காட்டப்பட்டன.

உரிமை மீறப்பட்டால் என்ன செய்வது? அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் (126ஆம் உறுப்புரை). கொழும்புக்குப் போக வசதியில்லாதவர் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அதன் அலுவலகங்கள் உண்டு. அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கைது செய்யப்பட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். திகதி, நேரம், பொலிஸ் நிலையம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு:

ஊரடங்கின்போது உங்கள் கிராமத்தில் பாஸ் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? 5,000 ரூபா பட்டியலில் விடுபட்ட குடும்பங்களுக்காக எவரேனும் பேசினார்களா? நாளை மீண்டும் ஒரு நோய் வந்து சந்தையைப் பூட்டினால், மரக்கறியை ஊருக்குள்ளேயே பங்கிட உங்கள் சங்கத்திடம் என்ன ஒழுங்கு இருக்கின்றது?