வாடைக்காற்று திரும்பிவிட்டது: ஓவனைப் பற்றவைக்கும் முன் இதைப் படியுங்கள்

தூத்துக்குடி பேக்கரிகளுக்கு இனிமேல்தான் வேலை கூடும். தீபாவளிச் சரக்கு முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் கேக், வெளியூருக்கு மக்ரூன் பார்சல் என்று அடுப்பு அணையாது. இதே மாதங்களில்தான் கேஸ் ஓவனும் மக்கர் பண்ணும். கோடையில் ஒரே சொடுக்கில் பிடித்த பர்னர், மழைக்கால அதிகாலையில் டிக் டிக் என்று சத்தம் மட்டும் போடும். போன பருவத்தில் இப்படித் தொடங்கிய கோளாறு, ஓவன் கதவு பிய்ந்து, மாஸ்டரின் முகமும் கையும் வெந்துபோனதில் முடிந்ததைப் பார்த்தேன். அதனால்தான் மழை வலுக்கும் முன்பே இதை எழுதுகிறேன்.

முதலும் முக்கியமுமான விதி: தீ பிடிக்கவில்லையா, கேஸை மூடுங்கள். ஓவன் கதவையும் கடைக் கதவையும் திறந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். கேஸ் வாடை துளியும் இல்லை என்றால் மட்டும் இன்னும் ஒரே ஒருமுறை முயலுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை என்ற பேச்சே கிடையாது.

“ஏலே, இன்னொரு தடவை அமுக்குலே” என்று பையனை ஏவும் மாஸ்டர்களுக்காகக் கணக்கையும் சொல்கிறேன். சமையல் எரிவாயு காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள ஓவன் அறைக்கு 20 லிட்டர் ஆவி போதும். எடையில் அது 50 கிராம்கூட வராது. மணிக்கு 2 கிலோ எரிக்கும் பர்னர் தீ இல்லாமல் திறந்து கிடந்தால், ஒன்றரை நிமிடத்தில் அந்த அளவு சேர்ந்துவிடும். அதன்பின் விழும் முதல் பொறியிலேயே அறை வெடிக்கும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து, சாக்கடைக்குள்ளும் இறங்கும். சாரலுக்குப் பயந்து ஷட்டரை இறக்கி, ஜன்னலில் தார்ப்பாய் கட்டியிருக்கும் கடையில் அது வெளியே போக வழி ஏது?

இனி, தீ ஏன் பிடிக்கவில்லை என்று பார்ப்போம்.

பெரும்பாலும் உப்பும் ஈரமும்தான் காரணம். பொறி விடும் எலக்ட்ரோடின் பீங்கானில் உப்புப் படிந்து அதில் ஈரம் ஏறினால், மின்சாரம் முனைக்குப் போகாமல் பீங்கான் மேலேயே ஓடி இரும்பில் இறங்கிவிடும். கேஸைச் சிலிண்டரிலேயே மூடி, ஓவனைக் காற்றாட விட்டபின், விளக்கை அணைத்துப் பொறியை மட்டும் பாருங்கள். முனையில் பளிச்சென்று விழாமல் பீங்கான் மேலோ ஒயர் மேலோ நீலக் கோடு ஓடினால் கோளாறு அங்கேதான். விரிசல் விட்ட பீங்கானை மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள். முனை இடைவெளி பெரும்பாலான பர்னர்களில் 3 முதல் 4 மி.மீ.; உங்கள் பர்னரின் கையேட்டில் உள்ளதே கணக்கு.

தீ பிடித்து, சில நொடியில் அணைகிறதா? அது வேறு சங்கதி. ஆட்டோ பர்னரில் தீயை உணர ஒரு கம்பி இருக்கும். தீயின் வழியே பாயும் மைக்ரோஆம்பியர் அளவு மின்சாரத்தை வைத்துத்தான் ‘தீ இருக்கிறது’ என்று கருவி அறியும். கம்பியில் கரியும் மாவுத்தூசியும் படிந்திருந்தால் அறியாது, வால்வை மூடிவிடும். கரண்டை நிறுத்தி, நைசான எமரித் தாளால் துடைத்தால் போதும். எர்த் இணைப்பு துருப்பிடித்திருந்தாலும் இதே கதைதான்.

மழை நாளில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டதும் பர்னர் ‘லாக்’ ஆகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் இருந்தாலோ, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, கண்ணெதிரே எரியும் தீ கருவிக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியனை வைத்து இப்போதே சரிசெய்யுங்கள், டிசம்பர் 23 இரவில் அல்ல.

பைலட் உள்ள பழைய ஓவனில் நாபை விட்டதும் தீ அணைந்தால் தெர்மோகப்பிளைப் பாருங்கள்: முனை அழுக்கா, இணைப்பு தளர்ந்ததா, தேய்ந்துபோனதா. நாபுக்குக் குச்சி முட்டுக்கொடுப்பதும், கம்பியால் கட்டுவதும், சென்சாரை ‘டைரக்ட்’ செய்வதும் பல கடைகளில் நடக்கிறது. அண்ணாச்சிமாரே, தீ அணைந்தால் கேஸை நிறுத்த உங்களிடம் இருப்பது அந்த ஒரு காவல்தான். அதைக் கட்டிப்போட்டுவிட்டு எந்த நம்பிக்கையில் பையனை ஓவன் முன்னால் நிறுத்துகிறீர்கள்?

மற்ற வேலைகள்: ஜெட் துளையை ஊக்கால் குத்தாதீர்கள், பெரிதாகிவிடும். பர்னர் குழாயில் பூச்சிக்கூடு இருக்கிறதா பாருங்கள். இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதியுங்கள், தீக்குச்சியால் அல்ல. ஹோஸில் தேதி பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். புகைபோக்கி மூடியில்லாமல் இருந்தால் மழைநீர் இறங்கும். காற்றுவழியை அடைக்காதீர்கள்.

வெள்ளம் தனிக் கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி நகருக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. 19 கிலோ சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தண்ணீரில் மிதக்கும். மிதந்தால் ஹோஸை இழுத்து அறுக்கும். சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். தண்ணீர் ஏறும் என்றால் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். நீரில் மூழ்கிய கேஸ் வால்வையும் ரெகுலேட்டரையும் கண்ட்ரோல் பெட்டியையும் வெயிலில் காயவைத்து மாட்டாதீர்கள். உள்ளே தங்கிய சேறும் உப்பும் வால்வை முழுதாக மூடவிடாது. மாற்றத்தான் வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், எரிச்சல் வந்தாலும் கேளுங்கள்: பிடிக்கவில்லை என்றால் மூடு, திற, ஐந்து நிமிடம் பொறு. மாவு புளிக்கிறது, ஆர்டர் நிற்கிறது, வண்டி காத்திருக்கிறது என்ற எந்தக் காரணமும் இதற்கு விலக்கு இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஓவன் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். புதிதாக வந்த பையனுக்கு வாசித்தும் காட்டுங்கள்.

கேஸ் வாடை வந்தால் லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எட்டும் தூரத்தில் இருந்தால் சிலிண்டரை மூடுங்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள். தெருவுக்கு வந்தபின் போனை எடுத்து, கேஸ் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101 என்ற எண்களை அழையுங்கள்.