மரம் ஏற்றும் வண்டியும் பளுவின் கணக்கும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. வீழ்ந்த மரங்களை அகற்றுவதே அங்கு ஊர்தோறும் முதல் வேலையாயிற்று. புயல் வீசாத ஆண்டுகளிலும் ஏரியில் மண்டிய சீமைக் கருவேலை அகற்றுதல், பட்டுப்போன புளிய மரத்தை வெட்டுதல் முதலிய பணிகள் பஞ்சாயத்துக்கு ஓய்வதில்லை. இவற்றிற்கென வண்டி வாங்கும்போதும் வாடகைக்கு அமர்த்தும்போதும் விலையையும் பெட்டியின் நீளத்தையும் பார்க்கிறோம். அவ்வண்டி தாங்கக்கூடிய பளு எவ்வளவு என்று கேட்பவர் சிலரே.

கண்ணளவு ஏமாற்றும்

தழையும் சிறு கிளையும் பெட்டி நிரம்பி வழிந்தாலும் எடை குறைவே. அடிமரத் துண்டுகளோ பெட்டியின் பாதி உயரத்தை எட்டுமுன்னரே வண்டியின் வரம்பைத் தாண்டிவிடும். ஆதலால் இடத்தைக் கொண்டன்றி எடையைக் கொண்டே வண்டியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

மரத்தின் எடையை அறிதல்

துண்டின் நடுவில் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்குக. வந்ததை நீளத்தால் பெருக்கி, 12.5ஆல் வகுக்க. கிடைப்பது கன மீட்டர். பச்சை மரத்திற்குக் கன மீட்டருக்கு ஒரு டன் என்று கொள்ளலாம். புளி போன்ற வன்மரத்திற்குச் சற்று மிகுதியாகவே கொள்க. தென்னையில் நுனித்துண்டைவிட அடித்துண்டு கனமானது. 2 மீட்டர் சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு ஏறத்தாழ 960 கிலோ இருக்கும். ‘குட்டி யானை’ என்று மக்கள் வழங்கும் சிறு சரக்கு வண்டி தாங்குவது சுமார் முக்கால் டன்னே. அந்த ஒரு துண்டே அதற்கு மிகுதியன்றோ!

வண்டியின் பளுவை அறிதல்

பதிவுச் சான்றில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். சுமையுடன் கூடிய மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் எஞ்சுவதே ஏற்றத்தக்க பளு. எடுத்துக்காட்டாக, மொத்த எடை 7,490 கிலோ, வெறும் எடை 3,500 கிலோ எனில், பளு 3,990 கிலோ. இதிலிருந்து ஓட்டுநர், உடன் அமர்வோர், மர அறுவை இயந்திரம், சங்கிலி, கயிறு ஆகியவற்றிற்கு 350 கிலோ கழித்தால், மரத்திற்கு 3,640 கிலோவே நிற்கும். மேற்சொன்ன துண்டுகளில் மூன்று ஏற்றலாம், நான்காவது ஏற்றலாகாது. பெட்டிக்குப் பின்னர் இரும்புத் தடுப்போ தூக்கும் கருவியோ பொருத்தியிருந்தால், அதன் எடையையும் கழித்தல் வேண்டும். டிராக்டர் டிரெய்லருக்கும் இக்கணக்கே பொருந்தும்.

வரம்பு மீறின் வரும் கேடு

மிகைப்பளு ஏற்றிய வண்டி பிரேக் போட்டாலும் நிற்க நெடுந்தூரம் எடுக்கும். டயர் சூடேறி வெடிக்கும். ஏரிக்கரை வளைவில் கவிழும். கனத்த துண்டுகளைப் பின்னச்சுக்கு அப்பால் ஏற்றினால், முன்சக்கரங்களின் அழுத்தம் குறைந்து, திருப்பும் பிடி தளரும். சுமையின்மேல் தொழிலாளரை அமர்த்துவது அறவே கூடாது. வண்டி சாயின் முதலில் நசுங்குவோர் அவர்களே.

சட்டமும் இதனைத் தடுக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டபடி, மிகைப்பளுவிற்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மிகையான சரக்கை இறக்கும் செலவும் நம்மையே சாரும்.

நாம் செய்யத்தக்கவை

வாடகை பேசுமுன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்போம். பெருமரமாயின் துண்டுகளைக் குறுக்கி அறுப்போம். அவசரமில்லாத விறகைச் சில வாரம் உலரவிட்டால் நீர் வற்றி எடை குறையும். தழையை வேறாகவும் அடிமரத்தை வேறாகவும் ஏற்றுவோம். முதல் நடையை அருகிலுள்ள எடைமேடையில் நிறுத்துப் பார்த்தால், அடுத்த நடைகளுக்கு அதுவே அளவாகும். ஒரு நடை கூடுவதால் ஆகும் டீசல் செலவு சிறிது. ஓர் அச்சு முறிந்தால் ஆகும் செலவு பெரிது. ஓர் உயிர் போனாலோ ஈடே இல்லை. இதனைக் கருதி, பஞ்சாயத்து உறுப்பினரும் விவசாயப் பெருமக்களும் எடைக்கேற்ற வண்டியையே அமர்த்துவார்களாக.