ட்ரவுட்டுக்கு முன்னாடி பாங்க்டா

இமாச்சலத்துத் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குத் தூண்டில் போடப் போறேன்னு சொன்ன கையோட, "அக்கா, பெரிய லென்ஸ் வாடகைக்கு எடுக்கவா?"ன்னு கேட்டியே தம்பி, வேண்டாம்டா. அந்த ஆறு அவ்வளவு அகலம் இல்ல. தூண்டில் வீசுறவன் இருபதடி தள்ளி நிப்பான், மீன் உன் முட்டிக்குக் கீழ இருக்கும். கையில இருக்கிற 18-55 போதும். வாடகைக் காசுல ரெண்டு பேட்டரி வாங்கு. அங்க குஷைனியில மேகி கிடைக்கும், உன் கேமராவுக்குப் பேட்டரி கிடைக்காது.

முதல்ல இங்க மும்பையிலயே பாண்டுப் ஸ்டேஷன் மார்க்கெட்டுக்குப் போய் ரெண்டு பாங்க்டா வாங்கிட்டு வா. ஆமாண்டா, ஊர்ல அயிலைன்னு சொல்வோமே, அதேதான். அகலமான டப்புல தண்ணி ஊத்தி, ஜன்னல் வெளிச்சத்துல வச்சு, ஒரு மீனை நனைஞ்ச கையால தண்ணிக்கு ரெண்டு விரல் மேல தூக்கி எடு. முதல் பத்துப் படத்துலயும் வயிறு வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருக்கும், முதுகுல ஓடுற கருங்கோடு மட்டும் தெரியும். ஈர மீன் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் இறக்கு, மீனை லேசா சாய்ச்சுப் பிடி, செதில் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்கும். அங்க நீ எடுக்கப் போற ட்ரவுட் மீனோட பழுப்பு உடம்புல இருக்கிற கருப்பு, சிவப்புப் புள்ளியும், அதைச் சுத்தின வெளிர் வளையமும் இந்தப் பழக்கம் இருந்தாத்தான் படத்துல விழும். பழகி முடிச்சதும் அம்மாகிட்ட குடுத்துடு, குழம்புக்கு ஆச்சு.

ஆத்துல இருக்கிறது உயிர் மீன். தண்ணிக்கு வெளிய அதுக்கு மூச்சு கிடையாது. செட்டிங், ஃபோகஸ், யார் எங்க நிக்கிறதுன்னு எல்லாத்தையும் மீன் தண்ணிக்குள்ள வலையில இருக்கும்போதே முடிச்சிடு. தூக்கினா அஞ்சு செகண்ட், ரெண்டு மூணு க்ளிக், திரும்ப உள்ள. படம் சரியா வரலன்னா வரலதான், இன்னொரு தடவை தூக்காதே. செவுளைத் தொடாதே, காய்ஞ்ச கையால பிடிக்காதே, அதோட உடம்புல இருக்கிற வழவழப்புதான் அதுக்குக் கவசம்.

அந்த ட்ரவுட்டும் நம்மளை மாதிரி குடியேறினதுதான், தெரியுமா? 1909-ல ஹோவெல்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி குல்லுப் பக்கம் கொண்டு வந்து வளர்க்க ஆரம்பிச்சது. பள்ளத்தாக்குக்கு மேல இருக்கிற கிரேட் இமாலயன் தேசியப் பூங்கா 2014-லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரைக்கும் ட்ரவுட் பிடிக்கத் தடை. நீ ஏப்ரல்ல போற, தப்பிச்சே. ஆனா மீன்வளத் துறை பர்மிட் இல்லாம தூண்டிலைப் பையை விட்டு வெளிய எடுக்காதே.

இப்போ நான் அங்க போய்ப் பட்டதைச் சொல்றேன். அங்க வீட்டுக்குள்ள தந்தூர்னு ஒரு இரும்பு விறகு அடுப்பு வச்சிருப்பாங்க, ரொட்டி சுடுறதுக்கு இல்ல, குளிர் காய. ஆத்துல நின்னு விறைச்சு வந்த நான், கேமராவும் குளிர்ல நடுங்குதேன்னு பாசத்துல அதை அடுப்புக்குப் பக்கத்துல வச்சேன். ரெண்டே நிமிஷத்துல லென்ஸுக்குள்ள பனிமூட்டம். துடைச்சா வெளிப்பக்கம்தான் போச்சு. மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு படம் இல்ல. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த சொம்பு வியர்க்கிற அதே கதைதான். அதனால, வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, வாசல்லயே கேமராவை ஜிப் கவர்ல போட்டு மூடிடு. உள்ள வந்து ஒரு மணி நேரம் தொடாதே. ஈரம் கவர் மேல படியும், கேமராவுக்குள்ள போகாது. மெமரி கார்டை மட்டும் வெளியிலயே கழட்டிக்கோ, இல்லன்னா படம் பார்க்கிற ஆசையில நீ கவரைத் திறப்பே, எனக்குத் தெரியும்.

பேட்டரியும் குளிர்ல சீக்கிரம் படுத்துடும். செத்துப் போச்சுன்னு நினைக்காதே. பனியனுக்கு மேல, சட்டை உள்பாக்கெட்ல வச்சா உடம்புச் சூட்டுல கொஞ்சம் உயிர் வரும். விமானத்துல போனா, உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையிலதான் இருக்கணும். ரயில்னா கவலை இல்ல. எப்படிப் போனாலும், சண்டிகர்லேருந்து மணாலி பஸ் பிடிச்சு, ஔட் சுரங்கத்துக்கு முன்னாடியே இறங்கு. தூங்கிட்டேன்னா சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்தான் முழிப்பே.

விரல் விறைச்சா பட்டன் தெரியாது. அதுக்கும் வீட்டுலயே ஒரு பயிற்சி இருக்கு. ஐஸ் கட்டி போட்ட தண்ணியில ஒரு நிமிஷம் கையை வச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு பேட்டரி மாத்து, கார்டு மாத்து. கட்டில்மேல உட்கார்ந்து செய், கீழ விழுந்தா மெத்தையில விழட்டும்.

வாங்கியே ஆகணும்னா ஒரு போலரைசர் வாங்கு, ஃபோர்ட் போரா பஜார் தெருவுல பேரம் பேசலாம். தண்ணி மேல மினுக்குற வெளிச்சத்தை அது வெட்டிடும், அடியில நிக்கிற மீன் தெரியும். ரொம்ப நேரா கீழ பார்த்தா வேலை செய்யாது, சாய்வா பார்த்து வளையத்தை மெதுவா திருப்பணும். ஒண்ணரை ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும், ஐஎஸ்ஓவை ஏத்திக்கோ. தூண்டில் கயிறு காத்துல வளையறதைப் படத்துல உறைய வைக்கணும்னா ஷட்டர் ஆயிரத்துல ஒண்ணு, வெயில் அந்தக் கயிறுக்குப் பின்னாடியிருந்து வரணும், பின்னால இருட்டான மரம் இருக்கணும்.

இதையெல்லாம் பழக இமயமலை வரைக்கும் போக வேண்டாம். பவாய் ஏரிக்கரையில தூண்டிலோட உட்கார்ந்திருக்கிறவங்க இருக்காங்க, கேட்டுட்டு எடு. தண்ணியில மட்டும் காலை விடாதே, அங்க முதலை உண்டு. ஞாயித்துக்கிழமை நானும் வரேன். ஆறு மணிக்கு ரெடியா இரு, ட்ரைபாடை நீதான் தூக்கணும்.