பகடை உருளாதது ஏன்?

கணினி மொழியில் 'வகுப்பு' என்பது நம் வகுப்பறையன்று. பொருள்களை வார்க்கும் அச்சு. தாய் வகுப்பின் பண்புகளைச் சேய் வகுப்பு பெறுவதே மரபுரிமை. 1967இல் நார்வே நாட்டுச் சிமுலா மொழியில் இது இடம்பெற்றது.

பைத்தான் மொழியில் 'பகடை' என்னும் வகுப்பை எழுதினேன். அதன் தொடக்கச் செயல், பக்கங்கள் 6 எனக் குறித்தது. 'உருட்டு' என்னும் செயல், 1 முதல் 6 வரை ஓர் எண்ணைத் தந்தது. பிறகு 'வண்ணப் பகடை' என்னும் சேய் வகுப்புக்குத் தனியே ஒரு தொடக்கச் செயல் எழுதி, நிறத்தை மட்டும் குறித்தேன். உருட்டினால், 'பக்கங்கள் என்ற பண்பே இல்லை' என்று பிழை வந்தது!

மாலை முழுதும் 'உருட்டு' வரிகளையே திருத்தினேன், பயனில்லை. உண்மையில், சேயின் தொடக்கம் தாயின் தொடக்கத்தை மறைத்திருந்தது. 'சூப்பர்' என்ற சொல்லால் தாயின் தொடக்கத்தையும் அழைத்தேன், பகடை உருண்டது.

தோழியரே, பிழை தெரியும் இடம் வேறு; அது பிறந்த இடம் வேறு. பிறந்த இடத்தைத் தேடுங்கள்!