ஆன்லைன் ஆர்பிஜிக்கு விடிடி: காசு கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஐந்து பேர் சேர்ந்துவிட்டீர்கள். ஆளுக்கொரு ஊர். அடுத்த கேள்வி விடிடி, அதாவது மேப், டோக்கன், டைஸ், கேரக்டர் ஷீட் எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவரும் வர்ச்சுவல் டேபிள்டாப். இங்கேதான் பல குழுக்கள் கையைச் சுட்டுக்கொள்கின்றன. டிரெய்லரைப் பார்த்து, ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் தனியாக முடிவெடுக்கிறார். முதல் நாளே இரண்டு பேரால் உள்ளே வர முடிவதில்லை. மூன்றாவது வாரம் கேம்பெய்ன் படுத்துவிடுகிறது. உங்கள் குழுவில் யாருடைய கருவி இருப்பதிலேயே பழையதோ, அவரை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

செய்ய வேண்டியவை

- இன்றே குழுவில் கேளுங்கள்: எதில் ஆடுவீர்கள், ரேம் எவ்வளவு, நெட் எப்படி? "போன்ல தான் வருவேன்" என்று ஒருவர் சொன்னாலே ஃபவுண்ட்ரி என்ற விடிடியை ஒதுக்கிவிடுங்கள்; அது கணினி பிரவுசருக்காகக் கட்டப்பட்டது. ஔல்பேர் ரோடியோ என்ற விடிடி போனிலும் ஓடும். ஆட வருபவர்கள் அதில் கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம்.

- உங்கள் ரூல்ஸுக்கு எந்தத் தளம் பொருந்துகிறது என்று பாருங்கள். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பா? ஃபவுண்ட்ரிக்கு நேராகப் போங்கள். அதை வெளியிடும் பைசோ நிறுவனம் விதிகளைத் திறந்த உரிமத்தில் விட்டிருப்பதால், தன்னார்வலர்கள் ஸ்பெல், மான்ஸ்டர் உட்பட விதிப் பகுதிகளை ஃபவுண்ட்ரியில் இலவசமாகவே ஏற்றி வைத்திருக்கிறார்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு என்றால் கவலை குறைவு. அதன் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. எந்தத் தளமும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

- மேப் நிஜமாகவே வேண்டுமா என்று யோசியுங்கள். கால் ஆஃப் கதுலு, பிளேட்ஸ் இன் த டார்க் போன்றவற்றுக்குக் கட்டம் போட்ட மேப் தேவையே இல்லை. குழுவாகப் பேச உதவும் டிஸ்கார்டும், டைஸ் உருட்டித் தரும் ஒரு பாட் நிரலும் இருந்தால் ஆடலாம்.

- யார் காசு கட்ட வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஃபவுண்ட்ரியில் ஜிஎம் ஒருவர் ஒரே முறை 50 டாலர் கட்டினால் போதும். ரோல்20 தளத்தில் கேமைத் தொடங்கியவர் சந்தா கட்டினால் சந்தாவுக்கான வசதிகள் மேசையில் எல்லோருக்கும் கிடைக்கும். டேபிள்டாப் சிமுலேட்டரில் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கியாக வேண்டும்.

- ஃபவுண்ட்ரியை வீட்டுக் கணினியிலிருந்து ஹோஸ்ட் செய்வதென்றால், வாங்குவதற்கு முன் உங்கள் ஐபியைச் சரிபாருங்கள். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். ரவுட்டர் செட்டிங்கில் வேன் ஐபி என்று ஓர் எண் இருக்கும். 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் வரும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், அதுவும் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்; ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் ஃபவுண்ட்ரியின் 30000 என்ற போர்ட்டை ரவுட்டரில் எத்தனை முறை திறந்துவிட்டாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. நெட் கம்பெனியிடம் ஸ்டேட்டிக் ஐபி கேளுங்கள், இல்லை கிளவுட்ஃப்ளேர் டனல் போடுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் த ஃபோர்ஜ் போன்ற ஹோஸ்டிங் சேவைக்கு மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

- மேப் படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றி ஏற்றுங்கள். வீட்டிலிருந்து ஹோஸ்ட் செய்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 எம்பி பிஎன்ஜி மேப் ஐந்து பேருக்குப் போக 60 எம்பி அப்லோடு ஆக வேண்டும். உங்கள் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் முக்கால் நிமிடத்துக்கு மேல் எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே மேப்பை 2 எம்பிக்குச் சுருக்கினால் எட்டே விநாடி.

- பேசுவதற்கு டிஸ்கார்டைத் தனியாகத் திறந்து வையுங்கள். மேப் தொங்கினாலும் பேச்சு நிற்காது, கதையும் ஓடும்.

- நிஜ செஷனுக்கு முன் அரை மணி நேரம் சோதனை ஆட்டம் போடுங்கள். ஒவ்வொருவரும் டோக்கனை நகர்த்தி, இருபது முகமுள்ள டி20 டைஸ் ஒன்றை உருட்டி, தன் ஷீட்டைத் திறந்து காட்டட்டும். இந்த மூன்றும் நடந்தால் போதும்.

செய்யக்கூடாதவை

- ஆண்டுச் சந்தாவை முதல் நாளே கட்டாதீர்கள். கேம்பெய்ன் இரண்டு மாதம் தாண்டட்டும். இந்திய கார்டு என்றால் இன்னொன்றும் உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி நடைமுறைக்கு வந்தபின், வெளிநாட்டுத் தளங்களின் ஆட்டோ டெபிட் சில சமயம் நடக்காமல் போகிறது. சந்தா புதுப்பிக்கும் தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

- குழு முடிவாவதற்கு முன் டிஜிட்டல் புத்தகம் வாங்காதீர்கள். ஒரு தளத்தில் வாங்கிய சாகசம் பெரும்பாலும் இன்னொன்றில் திறக்காது. மென்பொருளைவிட இதில்தான் அதிகப் பணம் போகும். ஒரே புத்தகத்துக்கு இரண்டு முறை கட்டிய ஜிஎம்கள் நிறையப் பேர்.

- டிரெய்லரை நம்பி கேம்பெய்னைத் திட்டமிடாதீர்கள். டி அண்ட் டியை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2022-இல் ஒரு பிரமாதமான முப்பரிமாண விடிடியை அறிவித்தது. சிஜில் என்ற பெயரில் அது 2025 பிப்ரவரியில் வெளியானது. அடுத்த மாதமே அதைக் கட்டிய குழுவில் பெரும்பாலானோரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கருவிக்கே அந்த நிலை வந்தது. ஆஸ்ட்ரல் என்ற விடிடியும் இப்படித்தான் கைவிடப்பட்டது.

- உங்கள் குறிப்புகளைத் தளத்துக்குள் மட்டுமே வைக்காதீர்கள். ஜிஎம் நடத்தும் என்பிசி பாத்திரங்களின் பெயர்கள், கதைக் குறிப்புகள், மேப் ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கணினியில் இருக்கட்டும். கடை மூடினாலும் கதை உங்களுடையது.

- ஆட்டம் இருக்கும் நாளில் அப்டேட் செய்யாதீர்கள். ஃபவுண்ட்ரியில் பெரிய வெர்ஷன் மாறும்போது, கூடுதல் வசதிக்காகச் சேர்த்த மாட்யூல்கள் உடையும். உங்கள் வேர்ல்டு புதிய வெர்ஷனுக்கு மாறிவிட்டால், பேக்கப் இல்லாமல் பழையதற்குத் திரும்ப வழியில்லை.

- மாட்யூலைக் குவிக்காதீர்கள். முதல் மாதம் ஒன்றுகூட வேண்டாம். குறை தெரிந்தபின் அந்தக் குறைக்கு மட்டும் ஒன்று போடுங்கள்.

- கேரக்டரின் பார்வைக்கேற்ப மேப்பில் ஒளி மாறும் டைனமிக் லைட்டிங்குக்காகத் தளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் பழைய லேப்டாப்பில் ஃபேன் அலறும். மேப்பை மறைக்கும் ஃபாக் ஆஃப் வாரைக் கையால் நீக்கினாலே இருட்டறையின் பயம் வரும்.

- மெயிலுக்கும் வங்கிக்கும் வைத்த பாஸ்வேர்டை இங்கே வைக்காதீர்கள். ரோல்20-இல் 2018-இல் திருடப்பட்ட சுமார் 40 லட்சம் கணக்குகளின் விவரங்கள் 2019-இல் விற்பனைக்கு வந்தன. 2024-இல் இன்னொரு ஊடுருவலையும் அந்நிறுவனமே அறிவித்தது.

- கேம்பெய்ன் நடுவில் தளம் மாற்றாதீர்கள். ஷீட்டுகளைத் திரும்ப நிரப்பும் சலிப்பிலேயே ஆட்கள் கழன்றுவிடுவார்கள். ஒரு கதையை முடித்துவிட்டு மாறுங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? புதுக் குழு, குட்டிச் சாகசம் என்றால் ஔல்பேர் ரோடியோவும் டிஸ்கார்டும் போதும்; இன்று ராத்திரியே ஆடலாம். எல்லோரிடமும் லேப்டாப் இருந்து, ஓராண்டு ஆடும் எண்ணமும் இருந்து, சர்வரைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் இருந்தால் ஃபவுண்ட்ரி. பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் ரோல்20-இன் இலவசக் கணக்கில் தொடங்குங்கள்.